ஜொகூர் கடலோரம்: பதின்ம வயதுப் பிள்ளையோடு மூன்று நாள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் வானொலிக்கு வரும் அழைப்புகளில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும்: “பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போகலாம்?” சின்னப் பிள்ளை என்றால் பதில் சுலபம். மணலும் ஒரு வாளியும் போதும். “மகனுக்கு 15 வயசு, எங்களோட வரவே மாட்டேங்கிறான்” என்று ஓர் அம்மா சொல்லும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம். அதன்பின் மெட்ரிகுலேஷனோ கல்லூரியோ, வேறு ஊர், வேறு நண்பர்கள். மூன்றாம் படிவப் பிள்ளையோடு எல்லாரும் ஒரே காரில் கிளம்பும் பயணங்கள் இன்னும் மூன்றோ நான்கோதான் இருக்கும். அதில் ஒன்றைக் கடலுக்குக் கொடுக்க நினைத்தால் ஜொகூர் நல்ல தேர்வு.

எந்தக் கடல், எந்த மாதம்?

தீபகற்ப மலேசியாவில் இரு பக்கமும் கடற்கரை உள்ள மாநிலம் ஜொகூர் மட்டுமே. கிழக்கே தென்சீனக் கடல். மேற்கே மலாக்கா நீரிணை. திட்டம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கிழக்குக் கரையில் அலை உயரும், தீவுகளுக்கான படகுகள் குறையும் அல்லது நிற்கும், பல விடுதிகள் மூடிவிடும். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை டிசம்பரில் வருகிறது. அந்த மாதத்தில் மேற்குக் கரைக்குப் போங்கள். ஆண்டின் நடுவில் வரும் விடுமுறைகளைக் கிழக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரிலும் வார இறுதி சனி, ஞாயிறுதான். சிங்கப்பூர்க்காரர்களுக்கும் அதே நாள்கள் ஓய்வு. முடிந்தால் திங்கள் முதல் புதன் வரை திட்டமிடுங்கள்.

கிழக்கே: மெர்சிங்

முதல் நாள். ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் ஆயர் ஈத்தாமில் இறங்கி குளுவாங் வழியாகப் போகலாம். ஜொகூர் பாரு பக்கமிருந்து போனால் கோத்தா திங்கியில் காரை நிறுத்துங்கள். அங்கே கம்போங் மாக்காமில் சுல்தான் மஹ்மூத்தின் கல்லறை இருக்கிறது. 1699-ல் பல்லக்கில் போகும்போதே கொல்லப்பட்டவர் அவர். அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்ற கர்ப்பிணியின் வயிற்றைக் கிழிக்கச் சொன்னாராம்; அவளுடைய கணவன் மெகாட் ஸ்ரீ ராமா பழிதீர்த்தானாம். இந்தக் கதையைக் கேட்டால் காதில் இயர்போன் மாட்டிய பிள்ளையும் ஒரு பக்கத்தைக் கழற்றும். மீதியை அவர்களே கைப்பேசியில் தேடிப் படிப்பார்கள்.

இரண்டாம் நாள் தீவுக்கு. பெசார், தெங்கா, ராவா என்று மெர்சிங்கை ஒட்டிப் பல தீவுகள். திங்கி, சிபு தீவுகள் சற்றுத் தெற்கே. சிபுவுக்குத் தஞ்சோங் லெமான் படகுத்துறையிலிருந்து போக வேண்டும். இவை கடல் பூங்காப் பகுதிகள் என்பதால் பவளத்தையோ மீனையோ தொடக்கூடாது, எடுக்கக்கூடாது. ஸ்நோர்க்கலிங் செய்ய உயிர்காப்பு அங்கி கட்டாயம். தெங்கா தீவு 1970களின் இறுதியில் படகுகளில் தப்பி வந்த வியட்நாமிய அகதிகள் தங்கியிருந்த முகாம். விடுமுறைப் படம் எடுக்கும் அதே கடலில் உயிரைக் கையில் பிடித்து வந்தவர்களும் இருந்தார்கள் என்பது பதினைந்து வயதுக்குப் புரியும்.

மூன்றாம் நாள் அவசரமே வேண்டாம். பதின்ம வயதில் உடல் கடிகாரமே பின்னுக்குப் போகிறது. இரவு தூக்கம் தாமதமாக வரும், காலையில் எழுப்பினால் கோபம் வரும். சோம்பேறித்தனம் என்று திட்டாமல் தாமதமாகப் பசியாறிவிட்டு ஊர் திரும்புங்கள்.

படகு பயம் உள்ள பாட்டி கூட வருகிறாரா? அப்படியானால் டேசாரு. 77 கிலோமீட்டர் செனாய் – டேசாரு நெடுஞ்சாலை 2011-ல் முழுமையாகத் திறந்தபிறகு அது எட்டிப்பிடிக்கும் தூரம்தான். நீர்ப்பூங்கா பிள்ளைக்கு, பக்கத்தில் தஞ்சோங் பாலாவ் மீனவர் அருங்காட்சியகம் தாத்தா பாட்டிக்கு. சிவப்புக் கொடி பறந்தால் யாரும் கடலில் இறங்கக்கூடாது.

மேற்கே: குக்கூப், தஞ்சோங் பியாய்

பொந்தியான் மாவட்டத்தில் இரண்டும் இருக்கின்றன. குக்கூப் தண்ணீர்மேல் கால் ஊன்றி நிற்கும் சீன மீனவர் கிராமம். மரக்கால் வீடுகளிலேயே தங்கலாம். எதிரே உள்ள குக்கூப் தீவும் தஞ்சோங் பியாயும் 2003-ல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்ட சதுப்புக்காடுகள். தஞ்சோங் பியாய் ஆசிய நிலப்பரப்பின் தென்கோடி. பலகைப் பாதையில் நடந்து கடைசி முனையில் நின்றால் எதிரே கப்பல்கள் வரிசையாகத் தெரியும். குரங்குகள் உண்டு, கையில் சாப்பாட்டுப் பை வேண்டாம்.

நேரக்கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள்

இத்தனை இடத்துக்கும் பொதுவான ஒன்று கடல் ஏற்றமும் வற்றமும். மெர்சிங் படகுத்துறை ஆற்று முகத்துவாரத்தில் இருப்பதால் தண்ணீர் வற்றினால் படகு கிளம்பாது. புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். தஞ்சோங் பியாயில் சேற்றில் துள்ளும் மீனைப் பார்க்க வற்றம் வேண்டும். ஏற்றநேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த அட்டவணையைப் பார்த்து நேரம் சொல்லும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். மெட்மலேசியா வானிலை எச்சரிக்கையைப் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு.

என் அக்கா மகளிடம் இந்த வேலையைக் கொடுத்தோம். “சித்தி, நாளைக்கு 9 மணிக்கே துறையில இருக்கணும், எல்லாரும் சீக்கிரம் தூங்குங்க” என்று அவள் உத்தரவு போட்டாள். வழக்கமாக அவளை எழுப்பப் போராடும் அக்கா அன்று சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தார். அப்பா “சீக்கிரம்” என்றால் சண்டை வரும். கடல் சொன்னால் யாரும் சண்டை போட முடியாது.

இதோடு இன்னும் மூன்று விட்டுக்கொடுத்தல்கள்:

ஒருவேளைச் சாப்பாட்டுக்கான பணத்தைக் கையில் கொடுத்து, கடையை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பாட்டிக்கு வெள்ளிக்கிழமை சைவம் என்பதை மட்டும் நினைவுபடுத்துங்கள்.

தினமும் இரண்டு மணி நேரம் தனியாக இருக்கவிடுங்கள். எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

அவர்கள் படத்தைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பதினைந்து வயதில் அது பெரிய விஷயம்.

புறப்படும் முன் அறையும் படகும் முன்பதிவாகிவிட்டதா, வாந்தி மாத்திரை, தொப்பி, குடிநீர் எல்லாம் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வரைபடத்தை மேசையில் விரித்து, “நாம எங்கே போகலாம்?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் வர இரண்டு நாள் ஆகலாம். காத்திருங்கள்.