மாமாவின் லைக்கா

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் தவறாமல் நடக்கும். வெளியூரிலிருந்து வரும் உறவினர்களை ஐந்தருவிக்கு அழைத்துப் போவது ஒன்று. என்னுடைய பழைய கேமராக்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாக்களில் அடைப்பது மற்றொன்று. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருபவனுக்கு அமுதமான அந்த ஈரக்காற்று கண்ணாடி வில்லைகளுக்கு நஞ்சு. ஒரு சாரல் காலம் கவனிக்காமல் விட்டால் போதும், லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலையாய்ப் படர்ந்துவிடும்.

தமிழ் இலக்கணம் கற்பிக்கும் ஒருவனுக்குச் சோவியத் கேமராக்களோடு என்ன உறவு என்று கல்லூரி நண்பர்கள் கேட்பதுண்டு. 2018-இல் உக்ரைனின் கார்கிவ் நகரத்து விற்பனையாளர் ஒருவரிடமிருந்து இணையம் வழியே ஒரு ஸோர்க்கி-4 வாங்கினேன். முரட்டுத் துணியில் சுற்றி, தையல் போட்டு வந்து சேர்ந்தது. கையில் எடுத்தபோது ஒரு சிறு அம்மிக்குழவியின் கனம். அன்றிலிருந்துதான் இந்தப் பைத்தியம். அந்தக் கேமராவுக்கு ஒரு விதி உண்டு: ஷட்டரை முறுக்கிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும்; முறுக்காமல் மாற்றினால் உள்ளிருக்கும் பொறி கெட்டுவிடலாம். முன்பின் மாறினால் பொருள் கெடும் என்பது புணர்ச்சி விதி நடத்துகிறவனுக்குப் புதிதா என்ன!

இவற்றை ரேஞ்ச்பைண்டர் கேமராக்கள் என்பார்கள். தொலைவுகாணி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கேமராவின் நெற்றியில் சற்று இடைவெளி விட்டு இரண்டு சாளரங்கள் இருக்கும். இரண்டின் வழியாகவும் வரும் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணில் விழும். லென்ஸைத் திருகத் திருக, விலகி நிற்கும் இரண்டு உருவங்களும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான கணத்தில் குவியம் சரியாக இருக்கிறது என்று பொருள். தொலைவுகாணி பிசகிய கேமராவில் ஐந்தருவியைப் பார்த்தால் பத்து அருவிகள் விழும்.

இனி மாமாவின் கதைக்கு வருகிறேன்.

என் தாய்மாமா சரக்குக் கப்பல்களில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றபின் ஐந்தருவி சாலையில் ஒரு சிறு வீட்டில் இருக்கிறார். 2023 ஜூன் மாதம் ஒருநாள் தோலுறையிட்ட ஒரு கேமராவுடன் தென்காசிக்கு என் வீடு தேடி வந்தார்.

"மருமவனே, நீதான் கேமரா பாக்கற ஆளாச்சே. இத ஓடவச்சுக் குடு. லைக்கா."

"எங்க மாமா வாங்குனிய?"

"தொண்ணூத்திரண்டுல. ஒதேசாவுல கப்பல் நாலு நாள் நின்னுச்சு. அப்ப வாங்குனது."

முப்பது ஆண்டுகளாகப் பீரோவில் சேலைகளுக்கு நடுவே இருந்திருக்கிறது. பேத்திக்கு அந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. லைக்கா என்றால் இரண்டு லட்சம் தேறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலாண்டுக் கட்டணத்தை அதில் முடித்துவிடலாம் என்பது மாமாவின் கணக்கு. அத்தையிடமும் மகளிடமும் அப்படியே சொல்லியும் விட்டார்.

உறையைத் திறந்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. பொன்முலாம் பூசிய உடல். மேல்தகட்டில் லைக்கா என்ற எழுத்துப் பொறிப்பு. பக்கத்தில் ஹிட்லர் காலத்து ஜெர்மன் விமானப்படையின் கழுகுச் சின்னம். இத்தனை அலங்காரத்தோடு வருகிற லைக்காவைப் பற்றி இத்துறையில் கொஞ்சம் பழகியவர்களுக்கெல்லாம் ஒரே ஐயம்தான் எழும். ஆனாலும் ஐயம் தீர்ப்பாகிவிடாது. "வச்சுட்டுப் போங்க மாமா" என்றேன்.

அன்றிரவு லென்ஸைக் கழற்றினேன். கேமராவின் வாய்க்குள், மேற்புறத்தில், லென்ஸின் அசைவைத் தொலைவுகாணிக்குக் கடத்தும் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். லைக்காவில் அதன் முனையில் உருளும் சக்கரம் காணப்படும். சோவியத் கேமராவில் அது உருளாத ஒரு நாக்கு. மாமாவின் கேமராவில் நாக்குதான் இருந்தது. லென்ஸின் முகப்பில் எல்மார் என்ற பெயர். எல்மாரில் ஒளித்துளையின் இதழ்கள் முதல் வில்லைக்கு அடுத்தே அமைந்திருக்கும். இதில் இரண்டாம் வில்லைக்கும் பின்னால் இருந்தன. அப்படியானால் இது இண்டஸ்டார்-22. கடைசியாக, மேல்தகட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொன்முலாத்துக்கு அடியில், சுரண்டியும் முழுதாக அழியாமல், நம் எண் 3 போன்ற ஒரு வளைவு தெரிந்தது. ஸோர்க்கி என்ற ரஷ்யப் பெயரின் முதலெழுத்து அது. சிதைந்த ஏட்டில் ஓர் எழுத்து பிடிபட்டால் மகிழ்ச்சி வரும் என்பார்கள். எனக்கு அன்று வரவில்லை.

ஸோர்க்கியின் பிறப்பு சுவையானது. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் தொலைவுகாணியுடன் கூடிய லைக்காவை 1932-இல் வெளியிட்டது. அதே காலத்தில் கார்கிவில், பெற்றோரை இழந்து தெருவில் நின்ற பிள்ளைகளுக்காக அன்டன் மக்காரென்கோ என்ற கல்வியாளர் பொறுப்பில் ஒரு குடியிருப்பு நடந்துவந்தது. சோவியத் ரகசியப் போலீசை நிறுவிய பெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயரால் அமைந்த குடியிருப்பு அது. அங்கே பிள்ளைகள் பாதி நேரம் படிப்பார்கள். பாதி நேரம் பட்டறையில் உழைப்பார்கள். முதலில் மின் துளைப்பான்கள் செய்தார்கள். பிறகு ஒரு லைக்காவைப் பிரித்துப் போட்டு, அதைப் பார்த்துத் தாங்களே ஒரு கேமரா செய்தார்கள். 1934-இல் அது முறையான உற்பத்திக்கு வந்தது. ஜெர்ஜின்ஸ்கி பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு பெட் என்று பெயரிட்டார்கள். போரில் கார்கிவ் தொழிற்சாலை அழிந்தது. போருக்குப் பின் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்கில் அதே கேமரா 1948 முதல் ஸோர்க்கி என்ற பெயரில் வந்தது. கூரிய பார்வையுடையது என்பது அந்தச் சொல்லின் பொருள். 1956 வரை எட்டு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

இது திருட்டில்லையா என்று கேட்கலாம். எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வருகிறது. நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பவணந்தியார் மூன்றாக வகுக்கிறார். முதல்நூலின் கருத்தை ஏற்றுக்கொண்டு, தனக்கு வேண்டிய மாறுதல்களையும் செய்துகொள்வது வழிநூல். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. வான்மீகிக்கு வழிநூல் செய்த கம்பனை நாம் போலி என்பதில்லை. பெட்டும் ஸோர்க்கியும் லைக்காவின் வழிநூல்கள். ஸோர்க்கி-4 வரும்போது வழிநூல் தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது. தொலைவுகாணியும் காட்சிச் சாளரமும் ஒன்றாயின. பின்கதவு தனியே கழன்று வந்தது. கண்ணாடி அணிந்தவர்கள் தம் பார்வைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் வசதியும் வந்தது.

குற்றம் பின்னால் நடந்தது. சோவியத் ஒன்றியத்தின் கடைசி ஆண்டுகளிலும் அது கலைந்த பிறகும், பெட், ஸோர்க்கி கேமராக்களின் மேல்தகட்டைச் சுரண்டி, லைக்கா என்று பொறித்து, பொன்முலாம் பூசி வெளிநாட்டவரிடம் விற்றார்கள். தன் பெயரில் நின்றவரை அது யாரையும் ஏமாற்றவில்லை. பெயரை அழித்த பிறகே போலியானது.

மாமாவிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதற்கு மாறாகப் பழுது பார்க்கத் தொடங்கினேன். ஷட்டர் பாதி வழியில் நின்றது. பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. வேகம் குறைந்தால் சுருள்வில்லை இன்னும் இறுக்கி ஓட வைத்துவிடலாம் என்று தோன்றும். அது பொருள் புரியாத இடத்தில் பாடத்தைத் திருத்துவது போன்றது. முதலில் அழுக்கை நீக்க வேண்டும். தென்காசியில் எனக்குத் தெரிந்த கடிகாரக்காரர் ஒருவரிடம் மெல்லிய திருப்புளிகளும் ஒரு துளி எண்ணெயும் இரவல் வாங்கினேன். உருளைகளைத் துடைத்து, ஊசிமுனையால் எண்ணெய் வைத்ததும் திரை முழுவதும் ஓடியது. ரப்பர் பூசிய துணித்திரையை விளக்குக்கு எதிரே பிடித்தபோது இரண்டு ஊசித்துளைகள் தெரிந்தன. கறுப்புச் சாயம் தொட்டு அடைத்தேன். லென்ஸின் பூஞ்சையைப் பெராக்ஸைடு நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தேன். பிறகு மொட்டை மாடியிலிருந்து தென்காசிக் கோபுரத்தின் விளிம்பைப் பார்த்து, முகப்பில் மூடித்திருகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு திருகைத் திருப்பித் தொலைவுகாணியைச் சரிசெய்தேன். இரண்டாக நின்ற கோபுரம் ஒன்றாயிற்று.

பத்து நாள் ஓடிவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது. ஒரு விடியற்காலையில், கூட்டம் வருமுன், மாமாவை ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன். டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கைக் காட்டினேன். எண் 3 போன்ற வளைவைக் காட்டினேன். மாமா ஒன்றும் பேசவில்லை. தேநீர் ஆடை கட்டிவிட்டது.

"சரி. நாம சொல்லாம வித்தா என்ன? வாங்குறவன் திறந்தா பாக்கப் போறான்?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய இரவுகளில் அந்த விளம்பரத்தை நானே மனத்துக்குள் எழுதிப் பார்த்திருந்தேன். 'ஒதேசாவில் 1992-இல் வாங்கியது. மேல்தகட்டில் லைக்கா என்ற பொறிப்பு உண்டு. நன்கு இயங்குகிறது.' மூன்றும் உண்மையான வாக்கியங்கள். மூன்றையும் வரிசையாக வைத்தால் ஒரு பொய் எழுந்து நிற்கும். மொழியோடு இத்தனை ஆண்டு புழங்கியதன் பயன் இதுதானா என்று வெட்கமாக இருந்தது. ஆனால் மாமாவின் பேத்தி முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்த வாக்கியங்களும் கூடவே வந்தன. ஆகவே மாமாவுக்கு அறம் சொல்லும் தகுதி எனக்கு இருக்கவில்லை. அருவியைப் பார்த்தபடி சும்மா இருந்தேன்.

சற்று நேரம் கழித்து மாமாவே பேசினார்.

"எனக்கு வித்தவன் டை கட்டியிருந்தான் மருமவனே. வயசானவன். உன்ன மாதிரி வாத்தியார்னு நெனச்சேன். ஏமாத்துறவன் மொகமா இல்ல. நாடு ஒடைஞ்சு, சம்பளம் இல்லாம நின்ன காலம். அவனும் யார் கூடவாவது உக்காந்து இதத்தான் பேசியிருப்பான், சொல்லாம வித்தா என்னன்னு."

பிறகு கேட்டார்: "படம் புடிக்குமா?"

"நல்லாப் புடிக்கும் மாமா."

"அப்ப புடி."

பிலிமின் முனையை நீண்ட நாக்குப் போல நறுக்கி, அடித்தகட்டைத் திறந்து நுழைத்தேன். சாரல் தெறிக்காத இடமாகப் பார்த்து நின்றோம். மாமா கேமராவை வாங்கித் தொலைவுகாணியில் கண்ணை வைத்தார். இயந்திர அறையில் பழகிய கைகள், திருகும்போது நடுக்கமில்லை. "பத்து... ஒம்பது இல்ல, பத்துதான்... இப்ப அஞ்சாச்சு!" என்று சிறுபிள்ளைபோலச் சிரித்தார். அழுத்தினார்.

கேமராவை விற்கவில்லை. பேத்திக்கு வங்கியில் கல்விக் கடன் எடுத்தார்கள். ஒரு பங்கை நானும் ஏற்றுக்கொண்டேன். லைக்கா என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தவர் அது லைக்கா இல்லை என்று அத்தையிடம் சொல்ல எத்தனை நாள் எடுத்துக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை.

என் முதல் ஸோர்க்கியை அனுப்பிய கார்கிவ்காரருக்கு இந்தக் கதையை எழுதத் தோன்றியது. 2022 பிப்ரவரியில் போர் மூண்ட பிறகு அவரிடமிருந்து எனக்குக் கடிதம் ஏதும் இல்லை. எழுதி அனுப்பினேன். இதுவரை பதில் வரவில்லை.

படச்சுருளைக் கழுவி வந்த அன்று மாமா வீட்டுக்குப் போனேன். ஐந்து அருவிகளும் தெளிவாக விழுந்திருந்தன. மேல் மூலையில் ஒரு வெள்ளைப் பொட்டு. நான் அடைக்கத் தவறிய மூன்றாவது ஊசித்துளை. மாமா அதைப் பொருட்படுத்தவில்லை. பீரோவிலிருந்து தோலுறையை எடுத்து வந்து ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"அதோட சொந்தப் பேர எழுதிக் குடு. உறைக்குள்ள வைக்கணும். எனக்கப்புறம் புள்ளைக யாரும் லைக்கான்னு வித்துறக் கூடாதுல்லா."

எழுதிக் கொடுத்தேன். அடியில், 'செய்த ஊர்: கிராஸ்னகோர்ஸ்க்' என்றும் சேர்த்தேன்.