சீசன் டிக்கெட்டின் எல்லை

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர்)

நம் பள்ளி மாணவியருள் பலர் நாள்தோறும் மின்சார ரயிலில் வந்து போகிறவர்கள். காலை வேளையில் புத்தகப் பையும் சாப்பாட்டுக் கூடையுமாய் மகளிர் பெட்டியில் நெருங்கி நிற்கும் எங்களிடம் ஆளுக்கொரு சீசன் டிக்கெட் இருக்கும். ஆனால் "உன் டிக்கெட் எதுவரை செல்லும்?" என்று கேட்டுப் பாருங்கள். "பாஸ் இருக்கிறதே, எங்கு வேண்டுமானாலும் போகலாம்" என்பார் சிலர். "பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான், நடுவில் இறங்கவே கூடாது" என்று அஞ்சுவார் வேறு சிலர். இரண்டும் சரியல்ல.

பதினொன்றாம் வகுப்பில் நான் இங்குச் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் முதலில் எழுந்த கேள்வியே பயணச் செலவுதான். வீடு குரோம்பேட்டையில், பள்ளி நுங்கம்பாக்கத்தில். அம்மா வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார்கள். பள்ளிக்குச் செல்லும் சிறுமியருக்கும், பட்டப்படிப்பு முடியும்வரை கல்லூரிப் பெண்களுக்கும், வீட்டிலிருந்து கல்விக்கூடம் செல்ல இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கெட்டை ரயில்வே இலவசமாகவே தருகிறது. பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரையும், பையன்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும் இச்சலுகையை 2008ஆம் ஆண்டு ரயில்வே நிதிநிலை அறிக்கை விரிவுபடுத்தியது. தலைமையாசிரியையான சிஸ்டர் கையொப்பமிட்டுத் தந்த சான்றிதழால்தான் என் படிப்புக்கு வழி திறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் அம்மா தனியாக ரயிலில் போய்ப் பழகாதவர்கள். "டிக்கெட் கொடுத்துவிட்டார்கள், சரி. அதை வைத்துக்கொண்டு எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள். பிறகு தனியாகப் போ" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே டிக்கெட் கொடுக்கும் இடத்திலும், நெடுநாளாகப் பயணம் செய்யும் பெரியவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவற்றை என் தோழியருக்கும் சொல்வது நலம்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய அந்த வண்டிகள் 2004ஆம் ஆண்டு ஓய்வு பெற்றன. இப்போது ஓடுபவை அகலப் பாதை வண்டிகள். இந்தப் பாதையில் 18 நிலையங்கள். என் டிக்கெட்டில் இரண்டு நிலையங்களின் பெயர் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும் அவற்றுக்கு இடையிலுள்ள பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம் ஆகிய ஒன்பது நிலையங்களிலும் நான் ஏறலாம், இறங்கலாம். மாம்பலத்தில் இறங்கி அம்மாவுக்கு நூல்கண்டு வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் வீடு திரும்பலாம். ஆனால் குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையமான தாம்பரம் சானடோரியத்துக்குப் போனால், ஒரே நிலையம்தான் என்றாலும், அது டிக்கெட் இல்லாப் பயணம் போன்றதே.

வழியும் முக்கியம். கடற்கரை வரை சீசன் வைத்திருக்கும் ஒருவர், பார்க் நிலையத்தில் இறங்கி, அருகிலுள்ள பார்க் டவுனுக்கு நடந்து, அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருமயிலைக்குச் செல்ல அந்த டிக்கெட் போதாது. திருமயிலை வரை எழுதிய டிக்கெட் வேண்டும். 1995ஆம் ஆண்டு சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி 2007ஆம் ஆண்டு வேளச்சேரியை எட்டிய அப்பாதை வேறு பாதை. கிண்டியிலும் எழும்பூரிலும் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மெட்ரோ வேறு நிறுவனத்தின் வண்டி. நம் சீசன் அங்கே செல்லாது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த குளிர்சாதன மின்சார ரயில் நம் தண்டவாளத்திலேயே ஓடினாலும், இரண்டாம் வகுப்புச் சீசனுடன் அதில் ஏறலாகாது. முதல் வகுப்புப் பெட்டியும் அப்படியே. அனுமதிக்கப்பட்ட சில வண்டிகளைத் தவிர எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கும் இது பொருந்தாது. ஆக, எந்த இரு நிலையங்கள், எந்த வழி, எந்த வகுப்பு, எந்தத் தேதி வரை என்ற நான்கையும் பார்த்தால்தான் சீசன் டிக்கெட்டைப் படித்ததாகும். புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை உடன் இருக்க வேண்டும் என்பது ஐந்தாவது.

இவையெல்லாம் வெறும் விதிகளாகவே என் நினைவில் இருந்தன, சென்ற ஆண்டு பாட்டி நோயுறும் வரையில்.

பாட்டியை அரசு பொது மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அம்மா பகலெல்லாம் கூடவே இருந்தார்கள். பள்ளி விட்டதும் நான் நேரே அங்கே போய், பாட்டிக்குச் சற்று நேரம் துணையிருந்து, அம்மாவுடன் வீடு திரும்ப வேண்டும். மருத்துவமனைக்குப் பார்க் நிலையத்தில் இறங்க வேண்டும். என் சீசனோ நுங்கம்பாக்கத்தோடு முடிகிறது. அதற்கப்பால் சேத்துப்பட்டு, எழும்பூர், பார்க் என்று மூன்றே நிலையங்கள்.

வழக்கமாக உடன் வரும் ஓர் அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, "மூணு ஸ்டேஷன்தானே கண்ணு! பள்ளிக்கூடச் சீருடையில் இருக்கிறாய், கையில் பாஸும் இருக்கிறது. யார் உன்னைக் கேட்கப் போகிறார்கள்?" என்றார். அன்போடு சொன்னதுதான். அந்த நாட்களில் எங்களுக்கு ஐந்து ரூபாயும் பெரிது என்பது அவருக்குத் தெரியும். மருந்துக்கும் பழத்துக்கும் எண்ணி எண்ணிச் செலவு செய்துகொண்டிருந்தோம்.

அன்று மாலை அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இலவசமாகக் கொடுத்தவர்களிடம் இன்னும் மூன்று ஸ்டேஷன் திருடலாமா? உன் சீருடையைப் பார்த்துச் சும்மா விட்டால், அந்தச் சீருடைக்கு என்ன மதிப்பு?" என்றார்கள். மறுநாள் முதல் முந்தானை முடிச்சிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துத் தருவது வழக்கமாயிற்று. நுங்கம்பாக்கத்தில் டிக்கெட் வாங்கிப் பார்க்குக்குப் போவேன். திரும்பும்போது இருவருக்கும் பார்க்கிலிருந்து குரோம்பேட்டைக்கே முழு டிக்கெட் எடுத்துவிடுவோம். மாலைக் கூட்டத்தில் ஐயத்துக்கு இடமே வேண்டாம் என்பது அம்மாவின் எண்ணம்.

ஒரு நாள் பார்க் நிலையத்தில் டிக்கெட் பரிசோதனை. என் முறை வந்ததும் டிக்கெட்டைக் காட்டினேன். பரிசோதகர் பார்த்துவிட்டு வழிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி கலங்கிய கண்களுடன் நின்றிருந்தார். அவரிடம் எழும்பூர் வரை சீசன் இருந்தது. வந்ததோ ஒரு நிலையம் அதிகம். டிக்கெட் செல்லும் எல்லையைத் தாண்டினால், கூடுதல் தொலைவுக்கான கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் மிகைக் கட்டணமும் செலுத்த வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138ஆம் பிரிவு. அவர் கையில் அவ்வளவு பணமில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் ஏமாற்ற வந்தவராகத் தோன்றவில்லை. "சீசன் இருக்கிறதே" என்று நம்பி வந்தவராகவே தோன்றினார். அறியாமைக்கும் அபராதம் உண்டு என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

அதே சட்டத்தில் நமக்கு ஆறுதலான செய்திகளும் உண்டு. எல்லைக்கு அப்பால் போக வேண்டிய நிலை வந்தால், முன்னதாகவே உரிய ரயில்வே ஊழியரிடம் சொல்லி அனுமதிச் சான்று பெற்றுக்கொண்டவர் மிகைக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பயணக் கட்டணம் மட்டும் போதும். ஆண் துணையின்றிப் பயணம் செய்யும் பெண்ணையோ குழந்தையையோ, டிக்கெட் இல்லை என்பதற்காக நினைத்த நிலையத்தில் இறக்கிவிட இயலாது. அவர் புறப்பட்ட நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகிய இவற்றில்தான் இறக்கலாம். அதுவும் பகலில் மட்டுமே. இதை 139ஆம் பிரிவு சொல்கிறது. இதைக் கேட்டபின்தான் அம்மாவுக்கு நிம்மதி வந்தது. பெற்றோர்கள் அனைவரும் இதை அறிந்திருப்பது நல்லது.

மூன்று வாரத்துக்குப் பின் இறைவன் அருளால் பாட்டி நலமாக வீடு திரும்பினார்கள். இப்போது எங்கள் உறவுப் பெண் ஒருத்தி, "ஞாயிற்றுக்கிழமை உன் பாஸைக் கொடேன்" என்று கேட்டால், பாட்டியே முந்திக்கொண்டு, "அது அவள் பெயருக்கு எழுதியது, அவள்தான் போக வேண்டும்" என்று சட்டம் பேசுகிறார்கள்! ஒருவர் பெயரில் தந்த டிக்கெட்டை மற்றவர் பயன்படுத்துவது குற்றம்தானே.

அன்புத் தங்கையரே, அடுத்த முறை ரயிலுக்காகக் காத்திருக்கும்போது உங்கள் சீசன் டிக்கெட்டை எடுத்து ஒருமுறை முழுவதும் படியுங்கள். ஐயமிருந்தால் வண்டி ஏறுமுன் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. சிறியவற்றில் உண்மையாய் இருக்க வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்கிறோம். அந்தச் சிறியது சில வேளைகளில் மூன்று நிலையங்களும் ஐந்து ரூபாயுமாக இருக்கலாம். எல்லையை அறிந்து பயணம் செய்கிறவளுக்குப் பரிசோதகரைக் கண்டு அச்சமில்லை. தன் மனச்சாட்சியைக் கண்டும் அச்சமில்லை.