‘போதும்’ என்று யார் சொல்வது?

ஜோகூரின் பத்து பாகாட்டில் நான் கூடைப்பந்து கற்றுக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு என்.பி.ஏ. வீரர் லமெலோ பாலின் ஆட்டம் மனப்பாடம். கண்ணை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் பந்தை அனுப்பும் வித்தையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து, பயிற்சியில் செய்து காட்டுவார்கள். பயிற்றுநராக எனக்கு அவரிடம் கற்க வேண்டியது வேறு. அவர் ஆடாமல் விட்ட ஆட்டங்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

2019-இல், 18 வயதில், அமெரிக்காவிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியாவின் இல்லவாரா ஹாக்ஸ் அணிக்கு ஆடப் போனார் லமெலோ. நவம்பர் இறுதியை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம் தொட்டார். உடனே பயிற்சியில் பாதத்தில் அடிபட்டது. சில வார ஓய்வு என்றுதான் முதலில் சொன்னார்கள். 2020 ஜனவரியில், இந்தப் பருவத்தில் இனி ஆடமாட்டார் என்று அறிவிப்பு வந்தது. ஆடியது 12 ஆட்டங்கள் மட்டுமே. அடுத்த மாதம் அதே லீகின் நியூசிலாந்து பிரேக்கர்ஸ் அணியிலிருந்து இன்னோர் அமெரிக்க இளைஞர் ஆர்.ஜே. ஹாம்ப்டனும் இடுப்புத் தசைக் காயத்தோடு ஊர் திரும்பினார். இருவர் கண்ணும், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்ட் மேல் இருந்தது.

திடலோரத்தில் இதைப் பேசும்போது இரண்டு தீர்ப்புகள் கிடைக்கும். ‘அணியை நட்டாற்றில் விட்டுவிட்டான்’ என்பது ஒன்று. ‘பிழைக்கத் தெரிந்தவன்’ என்பது மற்றொன்று. இரண்டுமே அந்தப் பையனின் குணத்தைப் பற்றிய பேச்சு. அவன் எந்தக் கணக்குக்குள் நிற்கிறான் என்பதை இரண்டும் பார்ப்பதில்லை.

அந்தக் கணக்கு கடுமையானது. டிராஃப்டில் மொத்தம் 60 இடங்கள். முதல் சுற்றில் எடுக்கப்பட்டால் முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அந்த உறுதி இல்லை. முதல் சுற்றுக்குள்ளேயும் ஒவ்வொரு படிக்கும் விலை வேறு. 2020-இல் மூன்றாவதாக எடுக்கப்பட்ட லமெலோவுக்கு முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 7.8 மில்லியன் டாலர். இருபத்து நான்காவதாக எடுக்கப்பட்ட ஹாம்ப்டனுக்குச் சுமார் 2 மில்லியன். பாதத்தில் ஒரு எலும்பு விரிசல் விட்டால் ஒரு குடும்பத்தின் வாழ்வே பல படிகள் இறங்கிவிடும். ஆஸ்திரேலிய லீகும் இதை அறிந்தேதான் 2018-இல் ‘நெக்ஸ்ட் ஸ்டார்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. இப்படி டிராஃப்டுக்குக் காத்திருக்கும் பையன்களுடன் லீகே ஒப்பந்தம் போடுகிறது, என்.பி.ஏ.வுக்குப் போகும் வழி அதில் முதலிலேயே திறந்திருக்கிறது. வருகிறவன் வழிப்போக்கன் என்று தெரிந்துதான் இடம் கொடுக்கிறார்கள்.

ஆனால் பாதியில் விலகினால் டிராஃப்டில் இடம் காப்பாற்றப்படும் என்று நினைக்கும் பெற்றோருக்கு நான் இன்னும் சிலரைக் காட்டுவேன். ஜெரமி டைலர் பள்ளியின் கடைசி ஆண்டையே விட்டுவிட்டு 2009-இல் இஸ்ரேலின் மக்காபி ஹைஃபாவுக்குப் போனார். 2010 மார்ச்சில், பருவம் முடியும் முன்பே, பத்து ஆட்டங்களோடு திரும்பினார். 2011 டிராஃப்டில் கிடைத்தது 39-ஆவது இடம். பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008-இல் ரோமுக்குப் போய், களத்தில் குறைந்த நேரமே கிடைத்தும், பருவம் முடியும்வரை இருந்தார். அடுத்த ஆண்டு பத்தாவதாக எடுக்கப்பட்டார். ஜோஷ் கிடி அடிலெய்டில் 28 ஆட்டங்கள் ஆடிவிட்டு, கடைசிச் சில ஆட்டங்களை மட்டும் விட்டு விலகினார். 2021-இல் ஆறாவது இடம். லமெலோ ஆடிய பன்னிரண்டிலேயே அவருடைய ஆட்டம் முழுதாகத் தெரிந்துவிட்டது. சராசரி 17 புள்ளிகள், ஆஸ்திரேலிய லீகின் சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே. டைலரின் பத்து ஆட்டங்களில் தேர்வாளர்கள் பார்க்க அதிகம் இருக்கவில்லை. விலகிய தேதி யாரையும் உயர்த்தவில்லை. அதற்கு முன் காட்டியதுதான் பேசியது.

விலகுவதும் ஒரு தொழில் திறன் என்று நான் நம்புகிறேன். அதைப் பதினேழு வயதுப் பையன் தனியாகச் செய்ய முடியாது. லமெலோவைச் சுற்றி மருத்துவர், முகவர், குடும்பம் என்று ஒரு கூட்டமே இருந்தது. பத்து பாகாட்டில் ஒரு படிவம் ஐந்து மாணவனைச் சுற்றி அம்மா, அப்பா, நான். அவ்வளவுதான்.

நம் ஊரில் என்.பி.ஏ. பேச்சு தொலைவானது. மலேசியாவிலிருந்து யாரும் டிராஃப்டில் எடுக்கப்பட்டதில்லை. இந்தியாவில் பிறந்தவர்களில் முதலாவதாக சத்னாம் சிங் 2015-இல் 52-ஆவதாக எடுக்கப்பட்டார், அவருக்கும் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகள் பார்க்கும் படிகள் வேறு: மாவட்டம், எம்.எஸ்.எஸ்.ஜே. (ஜோகூர் பள்ளிகள்), எம்.எஸ்.எஸ்.எம். (மலேசியப் பள்ளிகள்), சுக்மா (மலேசிய விளையாட்டுப் போட்டி). அதற்கும் மேலே, மலேசியா டிராகன்ஸ் அணிக்கும் நாட்டுக்கும் ஆடிய சத்தியசீலன் குப்புசாமி, குகனேஸ்வரன் பத்துமலை போன்ற தமிழ்ப் பெயர்கள். சீனப் பள்ளிகளும் சீனச் சங்கங்களும் கட்டி வளர்த்த இந்த விளையாட்டில் நம் பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு. அதனால் ஒரு மாநிலத் தேர்வு என்பது அவனுக்குச் சின்ன விஷயமே இல்லை. தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாவட்ட இறுதியாட்டத்தில் கணுக்கால் வீக்கத்தோடு இறங்கலாமா என்ற கேள்வி, அளவில்தான் சிறியது. அதன் எடை அதேதான்.

இந்தக் கேள்விக்குப் பையன் தரும் பதிலை நான் கணக்கில் எடுப்பதில்லை. “வலிக்குதா?” என்றால், “இல்ல சார், ஓகே” என்பான். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு பதில் வராது. நான் கேட்பது உடம்பிடம். ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்வேன். இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா, நல்ல காலில் குதித்ததைவிட உயரம் குறைகிறதா, பாதம் தரையைத் தொடும் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பேன். பாதத்தின் வெளிப்புற எலும்பை விரலால் அழுத்துவேன். தசைவலி பரவலாக இருக்கும். எலும்பு அடிபட்டிருந்தால் ஒரே புள்ளியில் துள்ளுவான். அப்படித் துள்ளினால் அன்றைக்கே எக்ஸ்ரே. 2014-இல் என்.பி.ஏ. வீரர் கெவின் டியூரன்ட்டுக்கு உடைந்தது பாதத்தின் அந்த வெளிப்புற எலும்புதான். வளரும் வயதுப் பையனுக்கு முழங்காலுக்குக் கீழே புடைப்போடு வலி இருந்தால், குதிக்கும் பயிற்சியைக் குறைத்துவிடுவேன்.

காயத்தைப் பார்க்கும் அளவுக்குக் களைப்பையும் பார்க்க வேண்டும். பள்ளி அணி, மாவட்ட அணி, சங்க அணி என்று மூன்றுக்கும் ஒரே கால்கள். பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டுத் தரையில் மாலையில் குதித்துவிட்டு, இரவு ஃபுட்சாலுக்கும் போகிறான். எந்தப் பயிற்றுநருக்கும் மற்றவர் வாங்கிய வேலை தெரியாது. ஆகவே வாரத்துக்கு எத்தனை ஆட்டம், எத்தனை பயிற்சி என்று பெற்றோரையே ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்கிறேன். அந்த நோட்டுதான் மற்றப் பயிற்றுநர்களிடம் நான் பேசப் போகும்போது எடுத்துச் செல்லும் ஆதாரம்.

தேர்வாளர் பார்க்க வேண்டியதும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். பந்து கூடையில் விழுந்த காட்சிகளை மட்டும் ஒட்டிய காணொளி போதாது. முழு ஆட்டம் பதிவாகட்டும்: தற்காப்பில் அவன் நிற்கும் இடம், தவறு செய்த பின் திரும்பி ஓடும் வேகம், உட்காரவைக்கப்பட்டபோது முகம். பருவத்தின் தொடக்கத்திலேயே இதைச் சேர்த்துவைத்தவனுக்குக் கடைசி ஆட்டத்தில் இறங்கியே ஆக வேண்டிய கட்டாயம் இருக்காது.

பிறகு அணி. பதினொரு பேருக்கு என்ன சொல்வது? உண்மையைச் சொல்ல வேண்டும், அதுவும் நான் சொல்ல வேண்டும். ‘இவன் இறங்கமாட்டான், இது என் முடிவு’ என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுவேன். அவன் மேல் வரும் கோபம் என் பக்கம் திரும்பட்டும். ஆனால் விலகியவன் வீட்டில் இருக்கக் கூடாது. அணிச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து, தன் இடத்தில் ஆடும் தம்பிக்கு எதிராளியின் பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு அதுதான் முதல் பெரிய ஆட்டம். அவனையும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

காயமே இல்லாமல், தேர்வு பயத்தில் மட்டும் விலகக் கேட்டால் நான் சம்மதிப்பதில்லை. பயம் ஆடித்தான் தீரும். அதற்காக ஒரு பையனின் ஆட்ட நேரத்தைக் குறைப்பேன், முழுதாக எடுக்கமாட்டேன். எலும்பு வலித்தால் கோப்பையே போனாலும் இறக்கமாட்டேன். இந்த இரண்டு கோடுகளையும் பருவத்தின் முதல் கூட்டத்திலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் அடிபடாத நாளில், எந்தத் தேர்வும் நெருங்காத நேரத்தில். சக பயிற்றுநர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். ‘போதும்’ என்ற சொல்லைப் பிள்ளையின் வாயிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். அது நம் வேலை. அதைச் சொல்லும் தைரியம் இல்லாமல், குதிக்கக் கற்றுக்கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை.