இணையத்தில் இலியட்

இலியட்டை மூலமொழியிற் பயில விழைந்த மாணவனுக்கு முன்னாளில் ஆசிரியர், அகராதி, நல்லதொரு நூலகம் ஆகிய மூன்றும் இன்றியமையாதனவாயிருந்தன. பின்னைய இரண்டும் இன்று இணையத்தின் வாயிலாக அவனது மேசைக்கே வந்துவிட்டன. முதலாவதும் வந்துவிட்டதா என்பதே சிந்திக்கற்பாலது.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெர்சியஸ் மின்னூலகத்தில் இலியட்டின் இருபத்துநான்கு காண்டங்களும் கிரேக்கத்தில் உள்ளன. ஒரு சொல்லைச் சுட்டியதும் அதன் இலக்கணக் கூறுகள் தோன்றும். 1843இல் முதன்முதல் வெளிவந்த லிடெல், ஸ்கொட் ஆகியோரின் பேரகராதியும் திறக்கும். ஆயின், ஒரே வடிவத்துக்கு இரு இலக்கண விளக்கங்கள் தோன்றுமிடத்து, இடம்நோக்கிப் பொருள் துணிய வேண்டியவன் மாணவனே.

இணையத்தில் இலவசமாய்க் கிடைக்கும் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. 1898இல் வெளிவந்த சாமுவேல் பட்லரின் உரைநடை எளிமையானது. எனினும் அவர் கிரேக்கத் தெய்வங்களுக்கு உரோமப் பெயர்களையே வழங்கினார். அதனை மட்டும் நம்புபவன் சேயுசை ஜோவ் என்றே அறிவான். காப்பியத்தின் முதற்சொல்லாகிய ‘மேனிஸ்’ என்பதும் இத்தகையதே. அதனைக் ‘கோபம்’ எனப் பெயர்த்துவிடலாம். ஆனால் ஹோமரிடத்து அச்சொல் பெரும்பாலும் தெய்வங்களின் சினத்தையே குறிப்பது. அது அக்கிலீசுக்கு உரித்தாக்கப்பட்டமையின் கனம் மொழிபெயர்ப்பிற் புலனாகாது.

மூலத்தை உரையோடு கற்றுப் பழகிய தமிழ் மாணவர்க்கு வெனிஸ் நகரின் பத்தாம் நூற்றாண்டு ஏடு பெரிதும் உவப்பளிக்கும். அதன் ஓரங்களில் அலெக்சாந்திரியப் புலவரின் பாடவேறுபாட்டுக் குறிப்புகளும் விளக்கங்களும் செறிந்துள்ளன. 1788இல் வில்வாசோன் அவற்றைப் பதிப்பித்தார். 2007இல் ஏடு முழுவதும் நுண்ணிய படங்களாக எடுக்கப்பட்டது. ஹோமர் பன்மூலத் திட்டத்தின் வழியாக அப்படங்களை இன்று எவரும் காணலாம்.

‘சிக்காகோ ஹோமர்’ என்னும் தளமோ காப்பியத்தில் மீளமீள வரும் தொடர்களைத் தொகுத்துக் காட்டுகின்றது. இத்தொடர்களே வாய்மொழிப் பாடலின் அடையாளம் என மில்மன் பரி கருதினார். அதனைச் சோதிக்க 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியப் பாடகர்களைப் பதிவுசெய்தார். அவ்வழியிற் சங்கப் பாடல்களை ஆராய்ந்தே பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் தமது ஆங்கில நூலை வெளியிட்டார். எனவே, ஹோமரைத் தேடுபவன் தமிழாய்வின் ஒரு வாயிலையும் அடைகின்றான்.

கருவிகள் பெருகியுள்ளன, ஒழுங்கோ தானாக வருவதில்லை. முதலில் ஒரு காண்டம், அதற்கு ஓர் அகராதி, பொருள் ஓரளவு தெளிந்தபின் மொழிபெயர்ப்பு, அதன்பின்னரே ஆய்வுரை. நாளொன்றுக்கு ஐந்தடியேனும் வாய்விட்டுப் படித்தலும் வேண்டும். செவிக்கென எழுந்த காப்பியம் திரையிலே கண்ணால் மட்டும் கற்கப்படுமாயின், கருவிகள் அனைத்தும் கைவந்தும் கவிதை கைவராது போகும். எதனை முதலிற் படிப்பது, எங்கே நின்று ஐயுறுவது என உணர்த்துவதே ஆசிரியர் பணி. ஆசிரியரற்ற மாணவன் அப்பணியையும் தானே ஏற்றாக வேண்டும்.