கூப்பிட்டால் வருவாரா சக்திமான்?

ஒரு தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. முடிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைவிட அதிகம். நடுப்பகுதியை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் ரசிகன் குடியிருப்பது அங்கேதான். வில்லன் இன்னும் சாகவில்லை. இப்போதைக்குச் சாகமாட்டான் என்றும் தெரியும். நாயகனைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்தாகிவிட்டது. இருந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறான்.

'சக்திமான்' தூர்தர்ஷனில் 1997 செப்டம்பர் 13 அன்று, ஒரு சனிக்கிழமை, தொடங்கியது. பின்னர் ஞாயிறு நண்பகலுக்கு மாறியது. அன்றைய சிறுவர்களின் நினைவில் இன்றும் இருப்பது அந்த ஞாயிறு பன்னிரண்டு மணிதான். தொடர் முடிந்தது 2005 மார்ச் 27 அன்று. இடையில் ஏழரை ஆண்டுகள். ஐந்தாம் வகுப்பில் பார்க்கத் தொடங்கிய பையன் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் காலம்.

இந்த ஏழரை ஆண்டுகளின் நடுப்பகுதி கேரள எல்லைத் தமிழர்களிடையே ஒரு விசித்திரமான காரியத்தைச் செய்தது. பாலக்காடு மாவட்டத்தில் வாளையாறிலிருந்து கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, கோவிந்தாபுரம் வரையிலும், இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு பகுதிகளிலும் வீட்டு மொழி தமிழ். கடையிலும் பஸ்ஸிலும் தமிழ் போதும். தாலுகா அலுவலகத்தில் மலையாளம் வேண்டும். தமிழ்வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடம் கேரளத்தினுடையது. எனவே ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தியும் ஒரு பாடம். எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியிலும் போடிநாயக்கனூரிலும் உள்ள அரசுப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிதான். தமிழ், ஆங்கிலம், அவ்வளவே.

ஆக, ஒரே குடும்பத்தில் மலைமேல் இருக்கும் அண்ணன் மகனுக்கு இந்தி எழுத்துக் கூட்டத் தெரியும். மலையடிவாரத்தில் இருக்கும் தங்கை மகனுக்குத் தெரியாது. பள்ளிப் பாடமாக மட்டும் இருந்தவரை இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு நண்பகல் இந்தியில் பேசும் ஒரு மாவீரன் பறந்து வந்ததும் அதற்குத் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது.

தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம். கொழுந்து எடுப்பவர்களுக்கு ஞாயிறு விடுமுறை. டி.வி. இருக்கும் வீட்டில் பத்துப் பதினைந்து பிள்ளைகள், வாசலில் பெரியவர்கள். 1999-இல் அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். கூட்டத்துக்கு அவன்தான் மொழிபெயர்ப்பாளன். யாரும் நியமிக்கவில்லை. ஒருநாள், "என்னடா சொல்றான் அந்த டாக்டரு?" என்று யாரோ கேட்க, இவன் சொன்னான். அடுத்த வாரம் அவன் வரும்வரை முன்வரிசையில் இடம் காலியாக வைக்கப்பட்டிருந்தது.

அவன் சொன்னதில் பாதி தொடரில் இருந்தது. மீதி அவன் தலைக்குள் இருந்தது. டாக்டர் ஜைக்கால் ஆய்வுக்கூடத்தில் இரண்டு நிமிடம் பேசினால் இவன் காதில் நான்கு சொற்கள் விழும். அந்த நான்கை வைத்து முழுச் சதித்திட்டத்தையும் கட்டிவிடுவான். மூடுபனியில் ஆன்டெனா சதி செய்து, கில்விஷ் பேசும்போது திரையில் புள்ளிகள் மட்டும் பறந்தாலும் மொழிபெயர்ப்பு நிற்காது. விட்டுப்போன வாரத்தின் கதையைக்கூட இந்த வாரக் காட்சியிலிருந்து ஊகித்துச் சொல்லிவிடுவான். மறுஒளிபரப்பு இல்லாத காலம். அவனைச் சரிபார்க்க ஆள் கிடையாது.

அவனுக்குப் போட்டி என்று ஒருவர் இருந்தார் என்றால் அது அவனுடைய அப்பத்தாதான். அவருக்கு இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது, தேவையும் படவில்லை. சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவை பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத'த்தில் பீஷ்மராகப் பார்த்தவர். இருளின் அதிபதியாக வந்த சுரேந்திர பாலையும் அடையாளம் கண்டுகொண்டார். அதே 'மகாபாரத'த்தில் அவர்தான் துரோணர். "ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னவங்கதானய்யா? இப்ப ஏன் அடிச்சுக்கிறாங்க?" என்பது அப்பத்தாவின் கேள்வி. தாடியை எடுத்துவிட்டுச் சிலுப்பிக்கொண்டு பறந்தாலும் பீஷ்மர் பீஷ்மர்தான். பேரன் எவ்வளவு விளக்கியும், குருக்ஷேத்திரக் கணக்கு ஏதோ பாக்கியிருக்கிறது என்ற முடிவிலிருந்து அவர் இறங்கி வரவில்லை. யோசித்துப் பார்த்தால் பேரனின் கதையைவிட அப்பத்தாவின் கதைக்கு ஆழம் அதிகம்.

நாயகனுக்கு இரண்டு முகங்கள் இருப்பது புதிதல்ல. 1938-இல் வந்த சூப்பர்மேன், கண்ணாடி போட்டுக்கொண்டு கிளார்க் கென்ட் என்ற நிருபராக வேலை பார்த்தான். 1962-இல் வந்த ஸ்பைடர்மேன் பத்திரிகைக்குப் புகைப்படம் எடுத்துப் பிழைத்தான். சக்திமானும் 'ஆஜ் கீ ஆவாஸ்' என்ற பத்திரிகையின் புகைப்படக்காரர். முழுப்பெயர் பண்டித் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி. எண்ணெய் வழியும் தலை, துருத்திய பல், பெரிய கண்ணாடி. பேசுவது சம்ஸ்கிருதம் தோய்ந்த சுத்த இந்தி. வடக்கே அதைக் கேட்டுச் சிரித்தார்கள். தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதுதான் அங்கே நகைச்சுவை.

எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தலைகீழாக வாய்த்தது. அவர்களுடைய பாடப்புத்தக இந்தி கங்காதரின் இந்திக்குப் பக்கத்து வீடு. 'சக்தி', 'சத்யம்', 'அந்தகாரம்', 'விநாசம்' எல்லாம் மலையாளப் பாடத்திலும் கோயில் ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பழகியவை. மற்றவர்கள் பேசும் வேகமான பம்பாய் இந்திதான் அவர்களுக்குப் புரியவில்லை. கோமாளியாகப் படைக்கப்பட்டவன் பேசினால் முழுதும் விளங்கியது. ஆகவே மூணாறு மலையில் கங்காதர் கோமாளி இல்லை. நிறுத்தி, தெளிவாகப் பேசும் நல்ல வாத்தியார். வகுப்பில் மலையாளப் பிள்ளைகள் நடுவே சற்றுக் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பையனுக்கு, அசட்டுத் தோற்றத்துக்குள் ஒரு மகா சக்தி ஒளிந்திருக்கிறது என்ற கதை ஏன் பிடித்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு இருந்தும் ரசிகனுக்குக் குறைகள் இருந்தன. நடுப்பகுதிக்கே உரிய குறைகள். ஒரு சண்டை வாரக்கணக்கில் நீண்டது. சக்திமான் சுழன்று எழும்பும் அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. ஒரு அசுரன் போனால் இன்னொருவன். கில்விஷ் ஒவ்வொரு முறையும் இருள் நிலைக்கட்டும் என்று முழங்கினான். நிலைக்கவும் இல்லை, விலகவும் இல்லை. நிருபர் கீதா விஸ்வாஸின் முகம் தொடரின் ஆரம்பக் கட்டத்திலேயே மாறிவிட்டிருந்தது. முதலில் நடித்தவர் கிட்டு கித்வானி; பிறகு வந்தவர் வைஷ்ணவி மகந்த். இது யார் புதிய ஆள் என்று ஆண்டுகள் கழித்தும் சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளன் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. நல்ல ரசிகன் அலுத்துக்கொண்டே பார்ப்பான். அலுப்பதற்காகவே நேரத்துக்கு வருவான்.

இந்த விளையாட்டில் விளையாட்டல்லாத ஒரு பகுதியும் இருந்தது. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிச் சில குழந்தைகள் தங்களுக்குத் தாங்களே ஆபத்தைத் தேடிக்கொண்டதாக அந்த ஆண்டுகளில் வடக்கிலிருந்து செய்திகள் வந்தன. நாடெங்கும் சர்ச்சை. அந்தச் செய்திகளை முகேஷ் கன்னா பின்னாளில் மறுத்தார். ஆனால் அப்போது திரையில் தோன்றி, இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள் என்று குழந்தைகளிடம் நேராகவே பேசினார். ஏற்கெனவே ஒவ்வொரு வாரமும் கதை முடிந்தபின் 'சின்னச் சின்ன, ஆனால் பெரிய விஷயங்கள்' என்ற பொருளில் ஒரு பகுதி உண்டு. பல் துலக்குவது, பொய் சொல்லாதது, வரிசையில் நிற்பது பற்றிய புத்திமதிகள். தவறு செய்த பிள்ளை 'சாரி சக்திமான்' என்று சொல்வதோடு முடியும்.

பறப்பதற்கு மொழி தேவையில்லை. மலையைத் தூக்குவதற்கும், நெருப்பிலிருந்து ஒரு குழந்தையை அள்ளிக்கொண்டு வருவதற்கும் தேவையில்லை. அந்தக் காட்சிகள் கன்னியாகுமரிவரை அப்படியே போய்ச் சேர்ந்தன. அதைச் செய்யாதே என்ற வாக்கியம் மட்டும் இந்தியில் இருந்தது. ஆசை எல்லா வீட்டுக்கும் போனது; எச்சரிக்கை இந்தி தெரிந்த வீட்டோடு நின்றது. டில்லியில் இருந்த யாரும் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

முழுஆண்டு விடுமுறைக்குப் போடியிலிருந்து சித்தி மகன் வந்திருந்தான். எட்டு வயது. மூன்றாம் நாளே சிவப்புத் துண்டைக் கழுத்தில் முடிந்துகொண்டு சுற்றத் தொடங்கினான். லயத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி எடுத்த மேடு ஒன்று உண்டு. கீழே ஓடை. அதன் விளிம்பில் நின்று ஒரு சாயங்காலம் கேட்டான்: "அண்ணே, நெசமாவே கூப்பிட்டா வருவாரா?"

ஏழாம் வகுப்புக்காரன் உடனே பதில் சொல்லவில்லை. துண்டைப் பிடித்து இழுத்து அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அடுத்த ஞாயிறு கதை முழுவதும் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தான். முடிந்ததும், பாதிப் பிள்ளைகள் எழுந்து வெளியே ஓட, அவர்களைக் கத்தி உட்கார வைத்தான். திரையில் சக்திமான் பேசினார். அவன் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னான். தெரியாத சொல் வந்தபோது முதல் முறையாக, "இது எனக்குத் தெரியல" என்றான். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. "நான் நடிகன்தான். நீங்க குதிச்சா நான் வரமாட்டேன். இதான் சொல்றாரு."

சித்தி மகனுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ பொய் சொல்ற" என்றான். அதுவரை அண்ணன் சொன்ன கட்டுக்கதை அத்தனையையும் நம்பியவன், சொன்ன ஒரே உண்மையை நம்ப மறுத்தான். அன்று அப்பத்தாதான் கைகொடுத்தார். "பீஷ்மரே சொல்லிட்டாருல்ல? பொறவு என்ன?" என்றார். துண்டு கொடிக்குப் போனது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் பல ஆண்டுகள் கழித்துக் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. கதையில் சற்று முன்னே பின்னே போகலாம். மருந்துச் சீட்டில் கூடாது. எந்த இடம் கதை, எந்த இடம் மருந்துச் சீட்டு என்று கண்டுகொள்வதுதான் வித்தை. ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன் அதை ஒரு வாரத்தில் கண்டுகொண்டான். அவனைப்போல வேறு லயங்களிலும், சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்பு வீடுகளிலும் எத்தனை பிள்ளைகள் அந்த வேலையைச் செய்தார்களோ, கணக்கு எங்கும் இல்லை. சம்பளமும் இல்லை. முன்வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான்.

தொடர் 2005-இல் நின்றது. ஒளிபரப்பு நேரத்துக்கான கட்டணம் ஏறிக்கொண்டே போனது ஒரு காரணம் என்று முகேஷ் கன்னா பிறகு சொன்னார். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது தூர்தர்ஷன் அதை மீண்டும் ஒளிபரப்பியது. பழைய ஏழாம் வகுப்புக்காரனுக்கு அப்போது முப்பதைத் தாண்டிய வயது. வேலை பார்த்த ஊர்களின் புண்ணியத்தில் இந்தியும் சரளமாகிவிட்டிருந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது; புரியப் புரிய ஏமாற்றமாகவும் இருந்தது. ஜைக்காலின் சதிகள் இவ்வளவு சின்னவையா? கில்விஷ் இத்தனை குறைவாகவா பேசினான்? தான் சொன்ன சக்திமான் இதைவிடப் பெரியவன் என்று அவனுக்குத் தோன்றியது. கதை முடிந்தபின் வந்த புத்திமதிகள் மட்டும் அன்று கேட்டபடியே இருந்தன.

2022-இல் சக்திமானைத் திரைப்படமாக எடுக்கப்போவதாக சோனி அறிவித்தது. வந்தால் தமிழிலும் பேசும். இப்போதெல்லாம் எந்த மாவீரனும் ஒரே நாளில் நான்கைந்து மொழிகளில் பேசிவிடுகிறான். மூணாறுப் பிள்ளைக்கும் போடிப் பிள்ளைக்கும் எச்சரிக்கை ஒரே நேரத்தில் போய்ச் சேரும். இடையில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் இந்தியை நம்பியிருக்க வேண்டியதில்லை. அது நல்லதுதான். முன்வரிசையில் காலியாக வைத்த அந்த இடத்துக்கு மட்டும் இனி ஆள் தேவைப்படாது.