பெண்ணாடத்தில் ஆளுக்கொரு காடை

விருத்தாசலம் என்றதும் பீங்கான்தான் நினைவுக்கு வரும். அங்கே சூளையில் வெந்து வரும் பொம்மைகளும் அகல் விளக்குகளும் பல ஊர்களுக்குப் போகின்றன. அங்கிருந்து திட்டக்குடி செல்லும் பஸ்ஸில் ஏறினால், வழியில் வருகிறது பெண்ணாடம். ரயிலில் வருவதானால் விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் ஸ்டேஷன் உண்டு. எல்லா வண்டியும் நிற்காது; விசாரித்து ஏறுங்கள். என் நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊர் இது. வெள்ளாற்றங்கரை, நெல்லும் கரும்பும் விளையும் பூமி.

தேவகன்னியரும், காமதேனுவும், ஐராவதமும் வழிபட்ட தலமாம். பெண், ஆ, கடம் என்று மூன்றும் சேர்ந்து பெண்ணாகடம். அதுவே பேச்சில் பெண்ணாடம் ஆகிவிட்டது. பிரளயகாலேஸ்வரர் கோயிலின் கருவறை விமானம் யானை படுத்திருப்பது போல் பின்புறம் வளைந்திருக்கும். அதனால்தான் தூங்கானை மாடம் என்று பெயர். அவசியம் சுற்றிவந்து பாருங்கள்.

பெரிய புராணத்தில் வரும் கலிக்கம்ப நாயனாரும் இந்த ஊர்க்காரர். அடியார்களுக்குக் கால் கழுவி அமுது படைப்பது அவர் வழக்கம். ஒருநாள் வந்த அடியார், முன்பு அவர் வீட்டிலேயே வேலை பார்த்தவர். தண்ணீர் வார்க்க மனைவி சற்றுத் தயங்கினாள். நாயனார் அவள் கையை வெட்டிவிட்டுத் தாமே தண்ணீர் வார்த்தாராம். அடியார் பக்தியைச் சொல்லும் கதைதான். ஆனாலும் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாளின் கைதான் கண்ணில் நிற்கும். அத்தனை நாளும் சமைத்துப் படைத்த கை அல்லவா?

சனிக்கிழமை சுவாமி தரிசனம். மறுநாள் ஞாயிறு, நாத்தனார் வீட்டில் காடை. இது பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. 1974-ல் அமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த இனம். ஐந்தாறு வாரத்தில் 200 கிராம் வரை வளர்ந்து கறிக்குத் தயாராகிவிடும். காட்டுக் காடையைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். யாராவது கொண்டுவந்து விற்றாலும் வாங்காதீர்கள்.

நாங்கள் ஆறு பேர், ஆறு காடை. தோல் உரிக்காமல், முழுதாக வாங்கினோம். உள்ளே நன்றாகக் கழுவி ஈரம் துடைத்து, இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள், மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவிப் பீங்கான் கிண்ணத்தில் ஒரு மணி நேரம் ஊற வைத்தோம். புளிப்பு சேர்ந்ததை அலுமினியத்தில் வைக்க வேண்டாம்.

100 கிராம் வெண்ணெயில் பொடியாக அரிந்த கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய், நாலு பல் பூண்டு, சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசையவும். இதில் பாதியை நெஞ்சுத் தோலை மெல்லத் தூக்கி அடியிலும், வயிற்றுக்குள்ளும் வைக்கவும். காடையின் நெஞ்சில் கொழுப்பு மிகக் குறைவு. வெண்ணெய் வைக்காவிட்டால் சக்கையாக உலர்ந்துவிடும். காலிரண்டையும் நூலால் கட்டிக் கம்பியில் கோக்கவும்.

முற்றத்துக் கரி அடுப்பில் தணல் சாம்பல் பூத்தபின்தான் காடையைக் காட்ட வேண்டும். எரியும்போது காட்டினால் வெளியே கருகும், உள்ளே வேகாது. திருப்பித் திருப்பி 20, 25 நிமிடம். மீதி வெண்ணெயைக் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் தடவவும். முன்பே தடவினால் உருகித் தணலில் சொட்டி, தீ எழும்பிக் கரி பிடிக்கும். காலைத் திருகினால் சுலபமாகக் கழன்று, வடியும் சாறு சிவப்பில்லாமல் தெளிவாக இருந்தால் வெந்தது.

மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டவே கூடாது. அந்தப் புகை உயிருக்கு ஆபத்து. காஸ் அடுப்புதான் என்றால் கனமான இரும்புச் சட்டியில், சிறு தீயில், மூடி போட்டுத் திருப்பி வேக விடலாம்.

இலை போடும் நேரம், மாப்பிள்ளைப் பையனின் சிநேகிதர் ஒருவர் வந்துவிட்டார். நாத்தனாரின் மருமகள் பால் கொடுக்கும் பெண், குழந்தைக்கு நாலு மாதம். சத்தமில்லாமல் தன் பங்குக் காடையை எடுத்து அவர் இலையில் வைக்கப் போனாள். கோழிக் குழம்பு என்றால் நம் வீடுகளில் நடப்பதுதானே? கால் ஆண்களுக்கு, நெஞ்சுக்கறி பிள்ளைகளுக்கு. கடைசியில் உட்காரும் நமக்குக் கழுத்தும் குழம்பும். யார் இலையில் என்ன விழுந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. காடையில் மட்டும் அது மறையாது. ஆளுக்கொன்று என்றால் இல்லாத இலை தெரிந்துவிடும்.

நாத்தனாரின் மாமியாருக்கு எழுபதுக்கு மேல். அவர்தான் பேரனைப் பார்த்துச் சொன்னார்: "டேய், உன் சிநேகிதன் தானே? உன்னுதுல பாதி குடு. அவ பால் குடுக்கிறவ, அவளுது அவ இலையிலதான் இருக்கணும்." பேரன் சிரித்தபடி பாதியைப் பிட்டு வைத்தான். பிறகு பாட்டி என்னிடம், "நான் நாலு பெத்தேன், ஒரு பிரசவத்துலயும் முழுசா ஒண்ணு தின்னதில்லம்மா" என்றார். மருமகள் பதில் பேசவில்லை. எலும்பு வரை சுவைத்துச் சாப்பிட்டாள்.

பிரசவித்த பெண்ணுக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே புரதம் வேண்டும், இரும்புச் சத்தும் வேண்டும். காடையில் இரண்டும் உண்டு. காடைதான் என்பதில்லை, முட்டையோ மீனோ பருப்போ, அவள் பங்கு முதலிலேயே எடுத்து வைக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது ஊசி போன்ற எலும்புகளைக் கையால் தடவிப் பார்த்து நீக்கிக் கொடுங்கள். பச்சைக் கறி பட்ட கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பெண்ணாடம் போனால் தூங்கானை மாடத்தைப் பாருங்கள். திரும்பும் வழியில் விருத்தாசலத்தில் இரண்டு அகல் வாங்கி வாருங்கள். வீட்டில் காடை சுட்டால், இலையை எண்ணிவிட்டுக் காடையை வாங்குங்கள். எண்ணும்போது உங்கள் இலையையும் சேர்த்து எண்ணுங்கள், சகோதரிகளே!