ஒரு புள்ளி

புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானால் எங்கள் பத்திரிகை அலுவலகம் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களோடு பெற்றோரும் அதிபர்களும் வந்து குவிவார்கள்.

அப்படியொரு நாளில் ஒரு தாய் வந்தார். மகனின் படத்தை என் மேசையில் வைத்தார்.

“ஒரு புள்ளிதான் ஐயா குறைஞ்சது. இவன்ர படத்தையும் போடுவியளோ?”

வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றவர்களின் படங்களையே பிரசுரிப்போம் என்றேன். பத்து வயதுச் சிறுவன் தாயின் பின்னால் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளையும் மத்திய கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பதற்குத் திறவுகோலாக அமைந்தது புலமைப்பரிசில். இன்றோ அது பிரபல பாடசாலைகளின் ஆறாம் தர அனுமதிக்கான பந்தயமாகிவிட்டது. 200 புள்ளிகள், மாவட்டத்துக்கொரு வெட்டுப்புள்ளி, விளையாட வேண்டிய மாலைகளில் ரியூஷன் வகுப்பு.

அந்தப் பந்தயத்தை ஊதிப் பெருப்பித்தவர்களில் நானும் ஒருவன். ஆண்டுதோறும் ‘சாதனை’ என்று எத்தனை தலைப்புகள் எழுதியிருப்பேன்!

அன்று அந்தத் தாய் எதுவும் பேசாமல் படத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். சிறுவனின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.